தூக்கிக் கட்டிய பிக்கப்... துரத்தி வந்த முனகல்!

சித்தப்பாவின் பிக்கப் 50 கிலோமீட்டர் வேகம் வரை நல்ல பிள்ளை. 55-ஐத் தொட்டால் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். 60-ல் அது கால் வழியாக ஏறி, டாஷ்போர்டில் இருக்கும் ஆஞ்சநேயர் படத்தின் சட்டத்தைக் கிடுகிடுக்க வைக்கும். 70-ல் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இதெல்லாம் காலி வண்டியில். பாரம் ஏற்றியிருந்தால் வேறு கதை: கிளட்சை விட்டுக் கிளம்பும் முதல் பத்து மீட்டருக்கு, குளிர்காய்ச்சல் வந்தவரைப் போல வண்டி உதறும்.

வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. பின்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்கிக் கட்டிய பிறகுதான் வந்தது.

பிக்கப்பைத் தூக்குவது என்றதும் உங்களில் பலருக்கு ரீல்ஸ் ஞாபகம் வரலாம். இசுஸு வி-கிராஸ், 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளை உயர்த்தி, யானைக்கால் டயர் மாட்டி, சேற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வீடியோக்கள். சித்தப்பாவுக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. அவர் தூக்கியது வாழைக்குலைக்காக.

எங்களுக்கு சுசீந்திரம். பழையாறும் குளங்களும் வயல்களுமாகக் கிடக்கும் நாஞ்சில் நாட்டு ஊர். சுற்றுவட்டாரத்து விளைகளில் வெட்டும் ஏத்தன் குலைகளை ஏற்றி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது சித்தப்பாவின் தொழில். போக 70 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினால்தான் விடியும்போது சந்தையில் நிற்கலாம். அவருக்குத் தூக்கம் வராமல் இருக்க, பல நாள் சித்தியும் கூடப் போவார். ஃபிளாஸ்க்கில் சாயா, மடியில் பாக்கு வெற்றிலை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: முனகல் கிளம்பிய இடம் சித்தி உட்காரும் இருக்கைக்குச் சற்றுப் பின்னால்.

குலை வெட்டும் இடத்துக்குத் தார் ரோடு போகாது. குளத்தங்கரை, வாய்க்கால் வரப்பு, இரண்டு பக்கமும் சக்கரத் தடம், நடுவில் மேடு. 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடானபோது அந்தத் தடங்கள் எல்லாம் அரித்துக் குழியாகிவிட்டன. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூடியது. வண்டியின் அடிவயிறு மண்ணில் உரசும். அப்போதுதான் ஒரு பட்டறையில், "அண்ணாச்சி, பின்னால ஒரு பட்டையும் ஒரு கட்டையும் வெச்சுத் தூக்கிருவோம், பாரமும் தாங்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா சரி என்றார். ஒரே நாள் வேலை.

பின் அச்சைத் தாங்கும் வில் பட்டைகளோடு கூடுதலாக ஒரு பட்டை. அதில் 35 மில்லிமீட்டர் உயர்ந்தது. பட்டைக்கட்டுக்கும் அச்சு ஹவுசிங்குக்கும் நடுவே 40 மில்லிமீட்டர் இரும்புக் கட்டை ஒன்று. பழைய இரும்புக்கடையில் கிடைத்தது, வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றியது. ஆக மொத்தம் 75 மில்லிமீட்டர். நீளமான யூ போல்ட் போட்டு முறுக்கி அனுப்பிவிட்டார்கள். அடிவயிறு உரசுவது நின்றது. முனகல் ஆரம்பித்தது.

அதே பட்டறைக்கே திரும்பப் போனார். "கிராஸ் போயிருக்கும்" என்றார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் மூட்டுகளில் இருக்கும் கூட்டல் குறி வடிவ இரும்புக்கு எங்கள் பக்கம் கிராஸ் என்று பெயர். மூன்றையும் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. "அப்ப சென்டர் பேரிங்" என்றார்கள். மாற்றினார்கள். போகவில்லை. ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் பார்க்க அனுப்பினார்கள். அடுத்தது டயர் மாற்றச் சொன்னபோது சித்தப்பா எழுந்து வந்துவிட்டார். அதுவரை 11,400 ரூபாய் போயிருந்தது. அந்த மாதத் தவணைக்கு எடுத்து வைத்த பணம்.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. உப்பேரிக்கு ஏத்தன் காய் கேட்டு கேரள வியாபாரிகள் போன் மேல் போன் போடும் காலம். வருஷத்தில் சித்தப்பா நாலு காசு பார்ப்பதே அப்போதுதான். நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். "மக்கா, நீ நெட்டுலதானே வேல பாக்க. இது என்ன சத்தம்னு கொஞ்சம் பாரு" என்றார். டிஜிட்டல் டெஸ்க் வேலையை எங்கள் வீட்டில் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். போனில் எதுவானாலும் எனக்குத் தெரியும்!

ஆனால் போனால் ஒரு உதவி செய்ய முடிந்தது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்து இயற்பியல்காரர்கள் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி இருக்கிறது. போனுக்குள் இருக்கும் உணர்கருவிகளை வைத்து அதிர்வை அளக்கும்; நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று வரைபடமாகக் காட்டும். போனை வண்டியின் தரையில், சென்டர் பேரிங்குக்கு நேர் மேலே, இரட்டைப் பக்க டேப் போட்டு அசையாமல் ஒட்டினேன். சித்தப்பா ஓட்ட, கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஆளில்லாத அதிகாலையில் நாலைந்து தடவை போய் வந்தோம்.

முதல் சோதனைக்குச் செயலிகூடத் தேவையில்லை. 60 கிலோமீட்டரில் ஐந்தாம் கியரில் ஒருமுறை, அதே 60-ல் நாலாம் கியரில் ஒருமுறை. கியர் மாறினால் இன்ஜின் சுழலும் வேகம் மாறும். சக்கரமும் ஷாஃப்டும் சுழலும் வேகம் மாறாது. முனகல் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது. ஆக, இன்ஜினும் கிளட்சும் நிரபராதிகள்.

மிச்சம் டயரா, ஷாஃப்டா? இதற்குக் கணக்கு போட வேண்டும். பள்ளிக்கூடக் கணக்குதான். டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. அப்படியென்றால் டயர் நொடிக்கு ஏழரைச் சுற்று. டயரில் கோளாறு என்றால் அதிர்வு நொடிக்கு ஏழரை தடவை இருக்கும்; அது சத்தமாகக் கேட்காது, ஆட்டமாகத் தெரியும். பின் அச்சில் பல்சக்கர விகிதத்தைத் தோராயமாக 4 என்று வைத்தால், ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று. ஷாஃப்டில் பேலன்ஸ் கோளாறு என்றால் அதிர்வு 30-ல் வரும். எங்கள் வரைபடத்தில் 7-ல் ஒன்றும் இல்லை. 30-ல் ஒரு சின்ன மேடு. 60-ல், கோபுரம் மாதிரி ஒரு கூர் நின்றது.

ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு தடவை உதைக்கிறது. ஏன் இரண்டு? அதற்கு விடை சொன்னவர் தேரூர் போகும் வழியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஆசான். லாரிகளோடு 40 வருஷம் கழித்தவர். இங்கே கைத்தொழில் தெரிந்த பெரியவர் யாரானாலும் ஆசான்தான்.

நான் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார். "நம்ம கோயில் தூண்ல தட்டிக் கேட்டிருக்கேல்லா? ஒவ்வொரு தூணுக்கும் ஒவ்வொரு சத்தம். கண்ண மூடிட்டு இருந்தாலும் எந்தத் தூணுன்னு சொல்லிரலாம். வண்டியும் அதுதான் மக்ளே" என்றார். தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களைச் சொல்கிறார். சுசீந்திரத்துப் பிள்ளைகள் யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிறகு கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். எட்டாத இடத்து நட்டைக் கழற்ற, பாக்ஸ் ஸ்பேனர் கம்பியின் நடுவே ஒரு மூட்டு வைத்திருப்பார்கள். இரண்டு முனைகளையும் என் இரண்டு கைகளில் கொடுத்து, "நேரா வெச்சுச் சுத்து" என்றார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. "இப்பம் மடக்கிட்டுச் சுத்து." நன்றாக மடக்கினேன். வலது கையால் ஒரே சீராகச் சுற்றினாலும் இடது கையில் இருக்கும் முனை ஒரு கணம் பாய்ந்தது, ஒரு கணம் தயங்கியது, மறுபடி பாய்ந்தது, மறுபடி தயங்கியது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை! நீங்களும் எந்தப் பட்டறையிலாவது கேட்டு வாங்கிச் சுற்றிப் பாருங்கள். அரை நிமிஷத்தில் கைக்குப் புரிந்துவிடும்.

இந்த மூட்டுக்கு வயது அதிகம். இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக், சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி 1676-ல் எழுதிய நூலிலேயே இதை விளக்கியிருக்கிறார். கார்களுக்கு ஏற்றபடி மூடி, எண்ணெய் நிற்க வைத்து, 1903-ல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். கிராஸ் வாங்கும்போது டப்பாவில் ‘ஸ்பைசர்’ என்று பார்த்திருப்பீர்களே, அது மசாலா சமாசாரம் இல்லை, அந்த மனிதரின் பெயர்.

கோணம் கூடக் கூட இந்தப் பாய்ச்சலும் தயக்கமும் எவ்வளவு கூடும் என்பதுதான் ஆச்சரியம். மூட்டு 3 டிகிரி மடங்கியிருந்தால் வேக வித்தியாசம் 0.14 சதவீதம், யாருக்கும் தெரியாது. 7 டிகிரியில் அது முக்கால் சதவீதம். 11 டிகிரியில் கிட்டத்தட்ட 2 சதவீதம். கோணம் இரட்டிப்பானால் உதை நான்கு மடங்கு ஆகிறது. "அப்போ மடங்காம நேரா வெச்சுட்டா என்ன?" என்று கேட்டேன். அதுவும் ஆகாதாம். கிராஸின் நான்கு கிண்ணங்களுக்குள்ளும் ஊசி ஊசியாக உருளைகள் இருக்கின்றன. துளி மடங்கினால்தான் அவை உருளும். உருளாமல் ஒரே இடத்தில் நின்றால் அங்கேயே குழி விழுந்து கிராஸ் சீக்கிரம் போய்விடும். அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரியாவது வேண்டும்.

அப்படியானால் கம்பெனியிலிருந்து வரும் எல்லா வண்டியும் முனக வேண்டாமா? முனகாமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஷாஃப்டின் ஒரு முனை மூட்டு செய்யும் கோளாறை மறுமுனை மூட்டு அப்படியே திருப்பிச் செய்து அழித்துவிடும். முன் மூட்டு பாயும்போது பின் மூட்டு தயங்கும். ஆனால் நிபந்தனை உண்டு: இரண்டு மூட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். பின்னால் அச்சிலிருந்து மூக்கு நீட்டியிருக்கும் பினியனும், முன்னால் ஷாஃப்டுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் தண்டும் இணையாக இருக்க வேண்டும் என்று இதையே வேறு விதமாகச் சொல்லலாம். வண்டியைத் தூக்கும்போது இந்தச் சமம்தான் கெடுகிறது. ஆசானின் வார்த்தையில், "சாமானுக்கு ஒண்ணும் ஆகல்ல. அது இருக்குத இருப்பு சரியில்ல."

எனக்கு அந்த இடத்தில் அந்த 11,400 ரூபாய் ஞாபகம் வந்தது. மூன்று கிராஸ், ஒரு பேரிங், எல்லாம் நல்ல நிலையில் கழற்றிப் போட்டவை. எந்தப் பட்டறையிலும் பாகத்துக்குத்தான் விலை இருக்கிறது. அளப்பதற்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால்தான் யாரும் அளப்பதில்லையோ என்று தோன்றுகிறது.

ஆசான் அளந்தார். கொத்தனாரின் தூக்குக்குண்டு, ஒரு பெரிய மரப் பாகைமானி, சாக்பீஸ். போனில் இருக்கும் சாய்வுமானியும் அதே எண்களைச் சொன்னது (அரை டிகிரி முன்பின், அவர் அவருடையதைத்தான் நம்பினார்). ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: வண்டியை ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்டு அளந்தால் அந்த எண் குப்பை. சமதளத்தில், நாலு சக்கரமும் தரையில் ஊன்றி, பட்டைகள் வழக்கமான பாரத்தில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காலி வண்டியில் ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை.

சித்தப்பாவின் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு. கியர்பாக்ஸிலிருந்து சென்டர் பேரிங் வரை முன் துண்டு, அங்கிருந்து அச்சு வரை பின் துண்டு. காலி வண்டியில், முன் துண்டு பின்னோக்கி 5 டிகிரி சரிந்திருந்தது. பின் துண்டு 12 டிகிரி. பினியன் 1 டிகிரிதான். கழித்துப் பாருங்கள்: நடு மூட்டில் 7, பின் மூட்டில் 11. சமமாக இருக்க வேண்டியவை இவை. அது மட்டுமல்ல, இரண்டுமே அதிகம்.

பின் துண்டு 12 டிகிரி ஆனதற்குக் காரணம் தெளிவு. சுமார் 1.2 மீட்டர் நீளமுள்ள குழாயின் ஒரு முனையை 75 மில்லிமீட்டர் இறக்கினால் சரிவு மூன்றரை டிகிரி கூடும். ஆனால் பினியன் ஏன் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டது? ஆசான் வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார். "லே, இங்க வந்து பாருங்கலே."

அந்த இரும்புக் கட்டை. பார்க்கச் செங்கல் மாதிரி சதுரமாகத் தெரிந்தாலும் அது சதுரம் இல்லை. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, 2 டிகிரி சாய்வு. பினியனின் மூக்கை ஷாஃப்ட் பக்கம் நிமிர்த்துவதற்காகவே அப்படிச் செய்திருப்பார்கள். தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். பட்டறையில் முன்னால் வரும்படி மாட்டியிருக்கிறார்கள். நிமிர வேண்டிய மூக்கு 2 டிகிரி கவிழ்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாக மாட்டியதால் யார் கண்ணிலும் படவில்லை.

கட்டையைத் திருப்பிப் போட்டதில் பினியன் 1-லிருந்து 5-க்கு வந்தது. புதிதாகச் சேர்த்த பட்டையை எடுத்ததில் வண்டி 35 மில்லிமீட்டர் இறங்கியது. சென்டர் பேரிங் சட்டத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் வாஷர் வைத்து அதையும் கொஞ்சம் இறக்கினார். இதையெல்லாம் செய்த பிறகு நடு மூட்டு 4, பின் மூட்டு 5-க்குக் கொஞ்சம் குறைவு. "சமமாக இல்லையே?" என்றேன். வேண்டுமென்றே விட்டதாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வில் பட்டைகள் முறுகி பினியன் மூக்கு கொஞ்சம் மேலே எழும்பும். அந்த எழும்பலுக்கு இடம் விட வேண்டும். பாரத்தோடு கிளம்பும்போது வந்த உதறலுக்கும் இந்த எழும்பலுக்கும் உறவு இருக்கிறது.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இன்னொன்று செய்தார். நடுவில் குழாய்க்குள் குழாய் வழுக்கும் இடம் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் சாக்பீஸால் ஒரே நேர்கோட்டில் அம்புக்குறி போட்டார். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு மூட்டும் ஒன்றையொன்று அழிப்பதற்குப் பதில் குழப்பிக்கொள்ளும். கோணமெல்லாம் சரியாக இருந்தும் வண்டி முனகினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கம்பெனியே அம்புக்குறி போட்டிருக்கும், துருவைச் சுரண்டினால் தெரியும்.

அடுத்த நாள் அதிகாலை மறுபடி அதே சாலை, அதே இடத்தில் போன். 60-ல் நின்ற கூர் கால்வாசியாகக் குறைந்திருந்தது. 70-ல் சித்தப்பா சாதாரணக் குரலில் பேசினார். பேசியது கடன் தவணையைப் பற்றி.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது ஆசான் வேறு ஒன்றையும் பார்த்திருந்தார். பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி, அதன் மேல்முனையில் ஒரு வால்வு. பாரம் ஏறினால் சேசிஸ் அச்சை நோக்கி இறங்கும். கம்பி அதை உணர்ந்து, பின் சக்கர பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைக்கும், சக்கரம் இறுகி வழுக்காமல் இருக்க. பல சரக்குப் பிக்கப்களில் இந்த ஏற்பாடு உண்டு. இப்போது யோசியுங்கள். சேசிஸை அச்சிலிருந்து 75 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டோம். முழுப் பாரம் ஏற்றினாலும் அந்தக் கம்பிக்கு வண்டி பாதி காலியாகத்தான் தெரியும். பின் பிரேக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காது.

எட்டு மாதமாக இப்படித்தான் குலை ஏற்றிக்கொண்டு, ராத்திரி நேரத்தில், சித்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது வண்டி. முனகல் வந்ததால் எல்லோரும் கவலைப்பட்டோம். பிரேக் ஒரு சத்தமும் போடவில்லை.

முனகலும் சும்மா இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிகக் கோணத்தில் ஓடும் கிராஸ் சூடேறி, கிரீஸ் உலர்ந்து, ஒருநாள் உடையும். பின்முனை கழன்றால் ஷாஃப்ட் தரையில் இழுபட்டு, பக்கத்தில் போகும் பிரேக் குழாயை அடித்து நொறுக்கலாம். முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால் அதைவிட மோசம். ஓடும் வண்டியையே அது எம்பித் தள்ளும்.

"இதுல நான் கை வெக்க மாட்டேன். கம்பெனி சர்வீஸ்ல அளவு உண்டு, அங்க போய் வெச்சுக்கிடுங்க" என்று ஆசான் அந்த வால்வைத் தொடவில்லை. 40 வருஷ அனுபவம் உள்ளவர் ஒரு இடத்தில் கையை எடுத்துக்கொண்டது எனக்கு அவர் செய்த மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது. சர்வீஸில் சொன்ன பதில் சுருக்கம்: வண்டியின் உயரம் கம்பெனி அளவில் இருந்தால்தான் வால்வை அந்த அளவுக்கு வைக்க முடியும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘ரீல்ஸ்’ அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான் இது.

வீட்டில் அன்று ராத்திரி பெரிய பேச்சு. சித்தப்பாவின் கணக்கு நியாயமானது: கட்டையை எடுத்தால் மறுபடி அடிவயிறு மண்ணில் உரசும், விளைக்குள் வண்டி போகாது, குலையை ரோட்டுக்குக் கொண்டுவர டிராக்டர் டிப்பருக்குத் தனிக் கூலி. ஒரு லோடில் மிஞ்சுவதே எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நான் ஏதாவது சொல்வேன் என்று என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டப் பிரிவைப் படித்துக் காட்டுவது சுலபம், கூலி நான் கொடுக்கப் போவதில்லையே.

சித்திதான் பேசினார். "நான் கூட வரணுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

இரண்டு நாளில் கட்டையும் கழன்றது. கட்டை போனதும் கோணங்கள் மறுபடி மாறுமே! அதனால் சென்டர் பேரிங்குக்கு அடியில் வைத்த வாஷர்களையும் எடுத்து, பழைய நீள யூ போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிப் போட்டு, ஆசான் மறுபடி அளந்தார். எல்லாம் கம்பெனி இருப்புக்கு வந்தது. பிரேக் வால்வை சர்வீஸில் அளவு பார்த்து வைத்துக் கொடுத்தார்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி முறுக்கச் சொன்னார்கள். புதுப் போல்ட் கொஞ்சம் இளகுமாம். ஆசானின் கூலி 1,800 ரூபாய். அதில் அளந்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். "அதுக்கு என்னத்த கூலி" என்றார்.

குலைகள் இப்போது விளையிலிருந்து டிராக்டரில் ரோட்டுக்கு வருகின்றன. ஓணத்துக்கு முந்தைய வாரம் ஐந்து லோடு போனது, சித்தியும் ஃபிளாஸ்க்குமாக. கழற்றிய அந்தக் கூடுதல் பட்டையை சித்தப்பா தூரப் போடவில்லை. வில் பட்டை இரும்பு நல்ல இரும்பு, கூர் நிற்கும். கொல்லனிடம் கொடுத்து இரண்டு வெட்டுகத்தி அடித்து வாங்கியிருக்கிறார். குலை வெட்ட ஒன்று, சித்திக்குத் தேங்காய் உடைக்க ஒன்று.